ஒன்று மட்டும் சூடாக இருந்தால்

லாரி வந்து நின்று, எஞ்சின் அடங்கி, தங்கையன் கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைப்பதற்குள் ரசியா பேகம் முன் சக்கரத்தருகே போய்விடுவார். சக்கரத்தின் நடுவில் புடைத்துக்கொண்டிருக்கும் இரும்புக் குடத்துக்கு ஹப் என்று பெயர். அதன்மேல் வலது புறங்கையை வைப்பார். ஒரு மூச்சு விடும் நேரம்தான். எடுத்துவிட்டு அடுத்த சக்கரத்துக்கு நகர்வார். இப்படி லாரியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி முடித்த பிறகுதான், "வாங்க தங்கையண்ணே, சாப்பிட்டீங்களா?" என்ற கேள்வி வரும். அதுவரைக்கும் தங்கையன் தலைத்துண்டை உதறுவதும் மறுபடி கட்டுவதுமாக நின்றுகொண்டிருப்பார்.

"மனுசன் பசியோட வந்து நிக்கிறேன். பாயம்மாவுக்கு மொதல்ல சக்கரத்தோட சொகம்தான்" என்று அவர் முனகாத நாள் கிடையாது.

"உங்களுக்குப் பசிச்சா வாயத் தொறந்து கேப்பீங்க. அது கேக்குமா?"

பாபநாசத்தில், தஞ்சாவூர்–கும்பகோணம் சாலையை விட்டுப் பள்ளிவாசல் பக்கம் திரும்புகிற தெருவில் ரசியா பேகத்தின் வீடு. வீட்டைவிடப் பக்கத்திலிருக்கும் காலி மனை பெரியது. பத்துச் சக்கர லாரி அங்கேதான் நிற்கும். லாரியின் நெற்றியில் 'மாஷா அல்லாஹ்' என்று பச்சை எழுத்தில் எழுதியிருக்கிறது. அதற்கு நேர் கீழே தங்கையன் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கட்டியிருக்கிறார். இரண்டுக்கும் நடுவே இதுவரை எந்த வழக்கும் வந்ததில்லை. லாரியும் அறுவடைக் காலத்தில் நெல், மற்ற நாளில் சிமெண்டு, உரம், செங்கல் என்று கிடைத்ததை ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

புறங்கை எதற்கு என்று கேட்டால் ரசியா பேகத்திடம் பதில் தயாராக இருக்கும். "உள்ளங்கை அடுப்படியில மரத்துப் போச்சு. கொதிக்கிற தேக்சாவ வெறுங்கையால எறக்குற கை இது. எதையும் சூடுன்னு ஒத்துக்காது. புறங்கைக்கு இன்னும் ரோஷம் இருக்கு." சூட்டைச் சொல்வதற்கு அவரிடம் எண் கிடையாது. எல்லாம் சமையலறைக் கணக்குத்தான். பிள்ளையைக் குளிப்பாட்டுகிற சூடு என்றால் கவலையில்லை. ஆப்பச்சட்டிச் சூடு என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் வடித்த கஞ்சிச் சூடு என்று ஒன்று இருக்கிறது. அது வந்தால் முகத்தைச் சுளித்துக்கொண்டு எதிர்ப் பக்கத்துச் சக்கரத்தை இன்னொரு தடவை தொட்டுப் பார்ப்பார்.

அவருடைய சாஸ்திரம் முழுவதும் இந்த எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. "ஓடுன வண்டி சுடாம குளுகுளுன்னா இருக்கும்? எல்லாம் ஒரே மாதிரி சுட்டா அது ஓடுன சூடு. ஒண்ணு மட்டும் சுட்டா அது நோவு" என்பார். ஹப்புக்குள்ளே பேரிங் இருக்கிறது, பேரிங்கைச் சுற்றிக் கிரீஸ் இருக்கிறது, அந்தக் கிரீஸ் கெட்டால் இரும்பும் இரும்பும் உரசி ஒருநாள் சக்கரமே கழன்று ஓடிவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் அதையெல்லாம் விளக்கிச் சொல்ல உட்காரமாட்டார். நோவு என்ற ஒரே சொல்லில் முடித்துக்கொள்வார்.

இந்தப் பழக்கம் வந்த கதை வேடிக்கையானது. கணவர் ஜாஃபர் சாதிக் சவூதி அரேபியாவில், தம்மாமில் டிரெய்லர் ஓட்டுகிறார். அங்கே சம்பாதித்ததில்தான் இந்த லாரியை வாங்கினார். அடுத்த தடவை வந்ததும் தானே ஓட்டிக்கொள்வதாகத் திட்டம். அந்த அடுத்த தடவை இன்னும் வந்தபாடில்லை. அதுவரைக்கும் ஓட்டத் தங்கையனும், பார்த்துக்கொள்ள மனைவியும் என்று ஏற்பாடு. சாயங்காலம் போன் வந்தால் அவர் கேட்கிற முதல் கேள்வி, நல்லாயிருக்கியா என்பதல்ல, "ஹப்பத் தொட்டுப் பாத்தியா?" என்பதுதான். பெண்டாட்டியின் கையைப் பிடிக்க முடியாத தூரத்தில் இருக்கிறவர், அந்தக் கை எங்கே இருந்தது என்று விசாரிப்பது போல இருக்கும். ரசியா பேகமும் தொடாமலே, "பாத்தேன் மச்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு ரமலான் மாதம் வந்தது.

"நோன்ப வச்சுக்கிட்டுப் பொய் சொல்ல மனசு வரல. எந்திரிச்சுப் போய்த் தொட்டேன். பெருநாள் முடிஞ்சுது, பொறவும் கை நிக்கல."

தொட ஆரம்பித்த கை சும்மா இருக்குமா? கண்ணையும் மூக்கையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டது. சக்கரத்து நட்டுகளிலிருந்து செம்பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தால், "இந்த நட்டு அழுவுது பாருங்க" என்று காட்டுவார். நட்டு தளர்ந்து அசைந்தால் துரு தூளாகி அப்படி வழியும். டயரின் மேல் கையை ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் தடவுவார். பூனையின் முதுகைத் தடவுவது போலத்தான். ஒரு பக்கம் வழுவழுவென்று போய், திரும்பும்போது முள்ளு முள்ளாகக் கையில் தட்டினால் இரண்டு பக்கச் சக்கரத்தையும் தாங்குகிற ஆக்சில் நேராக உட்காரவில்லை, டயரை இழுத்துத் தேய்க்கிறது என்று அர்த்தம். சக்கரத்தின் உள்பக்கம் குனிந்து எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்றும் பார்ப்பார். அறுவடைக் காலம் வந்துவிட்டால் கையில் ஒரு கருக்கரிவாளும் சேர்ந்துகொள்ளும். அப்போது சாலையெல்லாம் வைக்கோலாகக் கிடக்கும். அதுவும் வைக்கோல் கட்டுகிற நைலான் கயிறும் சக்கரத்தின் உள்ளே ஆக்சிலைச் சுற்றி முறுக்கிக்கொண்டு, கிரீஸ் வெளியே வராமல் தடுக்கிற ரப்பர் சீல் வளையத்தை அறுத்துவிடும். ரசியா பேகம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, லாரிக்கு அடியில் தலையை நீட்டி, கதிர் அறுப்பது போலவே அதை அறுத்து இழுப்பார். வயலில் ஒரு நாளும் அரிவாள் பிடித்தவரில்லை.

இவ்வளவும் தெரிந்தவர் லாரியில் ஏறமாட்டார். ஓட்டுநர் இருக்கையில் ஒருமுறைகூட உட்கார்ந்ததில்லை. பெரிய சாலையைக் கடப்பதற்கு யாராவது துணை வரும்வரை காத்திருப்பார். எஞ்சினைப் பற்றிக் கேட்டால், "அது தங்கையண்ணன் பாடு. எனக்குச் சக்கரம்தான் தெரியும். வூட்டுல பாதிப் பேரு மொகத்தப் பாத்துக் கண்டுபிடிப்பாங்க, நான் கால அமுக்கிக் கண்டுபிடிக்கிறவ" என்று சிரிப்பார்.

சாலையோரத்தில் பட்டறை வைத்திருக்கும் ஹஸ்ஸானுக்கு இந்தக் கை ஒரு வருமானம், ஒரு தலைவலி. "அக்கா கைய வச்சா நான் ஜாக்கிய வைக்கணும்" என்பார். கை சொன்னது எல்லாம் பலித்ததில்லை. போன கோடையில் பிடிவாதம் பிடித்து ஒரு ஹப்பைக் கழற்ற வைத்தார். உள்ளே எல்லாம் புதுப்பெண் மாதிரி பளிச்சென்று இருந்தது. பிரேக் கொஞ்சம் இறுக்கமாக இருந்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு நாள் ஓட்டம் வீணாகப் போனது.  தங்கையன் அதை மறக்கவில்லை.

தங்கையன் நல்ல ஓட்டுநர். பள்ளத்தில் இறக்குவதற்கு முன் லாரியிடம் மன்னிப்புக் கேட்கிற ஆள் என்று ரசியா பேகமே சொல்வார். ஊருக்கு வெளியே கொஞ்சம் குத்தகை நிலமும் வைத்திருக்கிறார். லாரி ஓடாத நேரத்தில் வயல், வயலில் வேலையில்லாத நேரத்தில் லாரி என்று அவருடைய நாள் கழியும். மனைவி தர்மாம்பாள்தான் வயலுக்கு உண்மையான முதலாளி. இரண்டு குடும்பத்துக்கும் கொடுக்கல் வாங்கல் பலகாரத்தில் மட்டும்தான். பெருநாளுக்கு இங்கேயிருந்து வட்டிலாப்பம் போகும், பொங்கலுக்கு அங்கேயிருந்து கரும்பு வரும்.

ஆயுத பூஜைக்கு லாரி குளிப்பது குடமுருட்டி ஆற்றில். கரை சரிவாக இறங்குகிற இடம் ஒன்று இருக்கிறது. அங்கே லாரியைப் பின்பக்கமாக இறக்கினால் பின் சக்கரங்கள் முழுவதும் தண்ணீருக்குள் போய்விடும். இந்தப் பக்கத்து லாரிகள் எல்லாம் அங்கேதான் குளிக்கும். ரசியா பேகத்துக்கு அதில் ஒரே ஒரு நிபந்தனை. ஓடி வந்த சூட்டோடு இறக்கக் கூடாது. மரத்தடியில் நிறுத்தி நன்றாக ஆறவிட்டுத்தான் இறக்க வேண்டும். "சுடுசோத்தப் போட்டு டிபன் டப்பாவ அழுத்தி மூடுங்க. ஆறுன பொறவு மூடி வருதா? உள்ள இழுத்துப் பிடிச்சுக்கும். சூடான ஹப்பும் அப்படித்தான், குளுந்த தண்ணியில எறக்கினா உள்ள இழுத்துக் குடிச்சுடும்" என்று வருஷா வருஷம் சொல்வார். குடித்த தண்ணீர் கிரீஸோடு கலந்து கிடக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

இந்த வருஷம் பூஜையன்று தங்கையனுக்குத் தலைக்கு மேல் வேலை. குறுவை அறுவடை. அவருடைய வயலுக்கு அன்று மத்தியானம் அறுப்பு மிஷின் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த முறையை விட்டால் மிஷின் எப்போது கிடைக்குமோ தெரியாது. தஞ்சாவூரில் சரக்கை இறக்கிவிட்டு ஓடி வந்தவர், மரத்தடியில் நிறுத்தவில்லை. நேராக ஆற்றில் இறக்கினார். சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர் சொய்ங் என்றது. தேய்த்துக் குளிப்பாட்டி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, ஆறு ஹப்பிலும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து நிறுத்தினார். பூசணிக்காயும் பொரிகடலையும் எப்போதும் போல ரசியா பேகம் வாங்கி வைத்திருந்தார். கற்பூரம் காட்டும்போது கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டிருந்தார். பிறகு வந்து பொரி வாங்கிக்கொண்டார். அன்று மட்டும் அவர் ஹப்பைத் தொடவில்லை. ஒருவர் சாமிக்கென்று வைத்த சந்தனத்தைக் கலைப்பது மரியாதையில்லை என்று நினைத்தார்.

ஒரு வாரம் போனது. வயல்கள் எல்லாம் ஒரே மூச்சில் அறுவடையானதால் கொள்முதல் நிலையத்தின் களம் நிறைந்துவிட்டது. எடை போட்ட மூட்டைகளை அங்கேயே அட்டி அட்டியாக அடுக்கி வைத்திருந்தார்கள். அட்டி நகர்ந்தால்தான் அடுத்தவர் நெல்லை எடை போட இடம் இருக்கும். மூட்டையாக ஏறாத நெல் குவியல் குவியலாகத் திறந்த வெளியில் கிடந்தது. ஒவ்வொரு குவியலுக்குப் பக்கத்திலும் அதற்கு உரியவர்கள் குடையும் தூக்குவாளியுமாகக் காவல் இருந்தார்கள். தர்மாம்பாளும் அப்படித்தான் அவர்கள் நெல்லுக்குக் காவல் இருந்தாள். அந்த அட்டிகளைத் தஞ்சாவூர் ரயிலடிக்கு ஏற்றிக்கொண்டு போகிற லாரிகளில் ஒன்று தங்கையன் ஓட்டிக்கொண்டிருந்தது.

அன்று காலையில் ஒரு நடை போய்விட்டு, மத்தியானம் திரும்பும் வழியில் கயிறு எடுப்பதற்காக லாரியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ரசியா பேகம் வழக்கம் போலச் சுற்ற ஆரம்பித்தார். முன் சக்கரங்கள் இரண்டும் பிள்ளைச் சூடு. பின்னால் முதல் ஆக்சிலிலும் வித்தியாசமில்லை. கடைசி ஆக்சிலின் இடது ஹப்பில் கை நின்றது. எழுந்து போய் வலது ஹப்பைத் தொட்டார். திரும்பி வந்து மறுபடி இடது. வடித்த கஞ்சி. கீழே குனிந்து பார்த்தார். சக்கரத்தின் உள்விளிம்பில் வெளுப்பாக ஏதோ கசிந்து புழுதியோடு ஒட்டியிருந்தது. விரலில் தொட்டுத் தேய்த்தார். கறுத்திருக்க வேண்டிய கிரீஸ், மோரில் திரண்ட வெண்ணெய் மாதிரி இருந்தது.

"தங்கையண்ணே, இதக் கொஞ்சம் தொட்டுப் பாருங்க."

"தொட வேணாம் பாயம்மா. பிரேக்கு லேசாப் பிடிக்குது. சாயங்காலம் தளத்தி விட்டுடுறேன்."

"இந்தப் பக்கம் மட்டும் எப்படிப் பிடிக்கும்?"

"பிடிக்கும். போன கோடையில இதே மாதிரிச் சொல்லித்தானே கழட்டுனோம்? என்ன இருந்துச்சு உள்ள?"

ரசியா பேகம் விரலில் ஒட்டியிருந்த வெளுப்பை மறுபடி தேய்த்துப் பார்த்தார். தங்கையன் வானத்தைக் காட்டினார்.

"ஒரே ஒரு நடை. அந்த அட்டிய எடுத்துட்டா எடம் விழுந்துடும். எடம் விழுந்தா அடுத்தது எங்க நெல்லுதான், மழைக்கு முன்ன சாக்குல ஏத்திடுவாங்க. நீங்களே மானத்தப் பாருங்க."

"வேற லாரி வராதா?"

"வரும். நாளைக்கு வரும். நாளைக்கு என் நெல்லு மொளைச்சுக் கெடக்கும்."

தங்கையன் பொய் சொல்கிறவர் இல்லை. அவர் சொன்னபடிதான் நடக்கும் என்று ரசியா பேகத்துக்குத் தெரிந்தது. கை சொன்னது நிஜமா என்பதுதான் தெரியவில்லை. ஒரு முறை ஜாஃபர் சாதிக் சொன்னது நினைவுக்கு வந்தது. அங்கே ஒரு டிரெய்லரிலிருந்து கழன்ற சக்கரம் மணலில் உருண்டு உருண்டு கண்ணுக்கு மறைகிற தூரம் போய் விழுந்ததாம். அங்கே மணல். இங்கே தஞ்சாவூர் சாலையில் இரண்டு பக்கமும் ஜனம். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வேறு. ரசியா பேகம் லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். குரல் மட்டும் கெஞ்சியது.

"வேணாம்ணே. ஹஸ்ஸான் பட்டறைக்கு மெதுவா ஓட்டிக்கிட்டுப் போங்க. கழட்டிப் பாத்துருவோம்."

 தங்கையன் கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை. லாரிச் சாவியை எடுத்து வீட்டுப் படியின் மேல் வைத்தார்.

"சாவி உங்களுது. உங்களுக்கு லாரி. எனக்கு நெல்லு."

 இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் உங்களுது, என்னுது என்று பிரித்துப் பேசியதில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாதானப்படுத்தவும் வழியில்லை. நெல் நெல்தான். ரசியா பேகம் சாவியை எடுத்து மறுபடி தங்கையன் கையில் கொடுத்தார்.

"மொதல்ல படுதாவ எறக்குங்க" என்றார்.

"என்னத்துக்கு?"

"எறக்குங்கண்ணே."

லாரியின் படுதா பெரியது. பாரம் முழுவதையும் மூடிக் கட்டுகிற கனத்த தார்ப்பாய். அதைச் சுருட்டி, தெருமுனையில் நின்ற 'குட்டியானை' சரக்கு வண்டியைக் கூப்பிட்டு ஏற்றினார்கள். லாரி ஏறாத ரசியா பேகம் அந்த வண்டியில் முன்னால் ஏறி உட்கார்ந்து, கதவுக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு களத்துக்குப் போனார். தங்கையன் லாரியை நத்தை வேகத்தில் பட்டறைக்கு ஓட்டினார்.

களத்தில் காற்று ஏற்கெனவே எழுந்துவிட்டது. தர்மாம்பாள் கிழிந்த பழைய தார்ப்பாய் இரண்டைக் குவியலின் மேல் இழுத்துக்கொண்டிருந்தாள். ஒன்றை மூடினால் இன்னொன்று பறந்தது. எதிரே குட்டியானை வந்து நின்றதும் லாரிக்குப் பதில் இது ஏன் வந்தது என்று புரியாமல் விழித்தாள்.

"லாரி எங்க பாயம்மா?"

"நிறுத்திட்டேன் தர்மாம்பா. சக்கரத்துல நோவு. இந்தப் பக்கத்தப் பிடி."

தர்மாம்பாளின் முகம் ஒரு கணம் செத்துப்போனது. ஆனால் அவள் கை தார்ப்பாயைப் பிடித்தது. இருவரும் பெரிய படுதாவைக் குவியலின் மேல் போர்த்தி, கிடைத்த செங்கல்லையெல்லாம் ஓரத்தில் வைத்தார்கள். மழை சரசரவென்று இறங்கியது. மூன்று மூலை நின்றது. காற்று வருகிற பக்கத்து மூலை மட்டும் செங்கல்லையும் உதறிவிட்டு எழும்பி எழும்பி அடித்தது. ரசியா பேகம் அங்குமிங்கும் பார்த்தார். வைக்க ஒன்றும் இல்லை. போர்த்தியிருந்த வெள்ளைத் துப்பட்டியோடு அந்த மூலையின் மேல், சேற்றில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

தர்மாம்பாள் அடுத்த மூலையைப் பிடித்துக்கொண்டு குந்தினாள். 

"ஒரு வகையில நல்லதுதான் பாயம்மா" என்றாள் பிறகு. "லாரி ஓடியிருந்தா இந்தப் படுதாவும் அதோட போயிருக்கும்."

"அப்படிச் சொல்லி என்னத் தேத்தாத. லாரி வந்திருந்தா இந்நேரம் உன் நெல்லு சாக்குல ஏறியிருக்கும்."

 உண்மை அதுதான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

பட்டறையில் இப்போது ஹப்பைக் கழற்றியிருப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால்? போன கோடை மாதிரி உள்ளே பளபளவென்று இருந்தால்? இந்த நெல் நனைவதற்குத் தன்னுடைய கையைத் தவிர வேறு காரணம் இருக்காது. அந்தப் பேரிங் கெட்டுப்போயிருக்க வேண்டுமே என்று மனசு வேண்டிக்கொண்டிருப்பதை ரசியா பேகம் திடீரென்று கவனித்தார். வெட்கமாக இருந்தது. தான் சரி என்று ஆவதற்காக இன்னொரு பொருள் நாசமாக வேண்டும் என்று யாராவது துஆச் செய்வார்களா? யா அல்லாஹ், நான் தப்பாவே இருந்துட்டுப் போறேன், இந்த நெல்ல மட்டும் காப்பாத்திக் குடு என்று மாற்றிக் கேட்டார். கேட்ட பிறகு குளிர் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

ஹஸ்ஸானின் பைக்கில் தங்கையன் வந்து இறங்கியபோது மழை நிற்கவில்லை. தொப்பலாக நனைந்திருந்தார். அவ்வளவு மழையிலும் விரல் இடுக்கில் வெள்ளையாகக் கிரீஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. நெல்லைப் பார்க்கவில்லை. நேராக ரசியா பேகத்தின் முன்னால் வந்து நின்றார்.

"கடைசி ஆக்சில்ல ரெண்டு பக்கமும் தண்ணி பாயம்மா. எல்லாம் மோரா இருக்கு. எடது பேரிங்கு துருப் பிடிச்சுக் குழி குழியா விழுந்து போச்சு."

 தர்மாம்பாள்தான் கேட்டாள்.

"அந்த ஒரு நடை தாங்கியிருக்குமா?"

"ஹஸ்ஸானால சொல்ல முடியல. தாங்கியிருந்தாலும் இருக்கும், இல்ல ரோட்டுல போயிருந்தாலும் போயிருக்கும்கிறான்." அவர் துண்டை அவிழ்த்துப் பிழிந்தார். பிழிந்த பிறகும் பிழிந்துகொண்டே இருந்தார். "பூசை அன்னிக்கி ஆற விடல பாயம்மா. மிஷின் வருதுன்னு சூட்டோட ஆத்துல எறக்கிட்டேன். உங்ககிட்டச் சொல்லவும் இல்ல."

"மிஷின் வந்துச்சா அன்னிக்கி?"

"வந்துச்சு."

"அப்பச் சரி."

 அப்போதுதான் ரசியா பேகம் சேற்றில் உட்கார்ந்திருப்பதே தங்கையன் கண்ணில் பட்டது போலிருக்கிறது. வெள்ளைத் துப்பட்டியின் பாதி சேற்றின் நிறமாகியிருந்தது. தங்கையன் விறுவிறுவென்று கொட்டகைப் பக்கம் போனார். நனையாத காலிச் சாக்கு ஒன்றை வாங்கி, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்து, நாலாக மடித்து, அவர் பக்கத்தில் வைத்தார்.

"இதும்மேல உக்காருங்க பாயம்மா."

ரசியா பேகம் சாக்கைப் பார்த்தார். படுதாவின் ஓரத்தில், தன் முழங்காலுக்கு அருகில், மழைத்தண்ணீர் ஒரு கோடாக நெல்லைத் தேடி உள்ளே போய்க்கொண்டிருந்தது. உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல், அந்த உலர்ந்த சாக்கை எடுத்து, தண்ணீர் போகிற இடத்தில் திணித்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.